டைனோசருக்கு ஒரு கயிறு

டைனோசர் என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது சினிமாதான். நமக்குப் பக்கத்து மாவட்டமான அரியலூரின் கல்லமேட்டிலேயே டைனோசர் எலும்புகள் கிடைத்துள்ளன என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

“நெய்வேலிச் சுரங்கத்தில் டைனோசர் இருக்குமா சார்?” என்று காடாம்புலியூர் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். விடையைக் கணக்குப் பாடவேளையில் அவர்களே கண்டுபிடித்தார்கள். இரண்டரை மீட்டர் கயிறு, ஒரு செ.மீ. என்பது 10 லட்சம் ஆண்டு; ஒரு முனை இன்று. டைனோசர்கள் தோன்றியது சுமார் 230 செ.மீ.யில், அழிந்தது 66இல். திருவக்கரைக் கல்மரம் 20இல். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் 66க்கு இப்பால்தான். ஆக, அதில் டைனோசர் இராது. மனித இனத்துக்கு 3 மி.மீ.தான், முடிச்சுப் போடவே இடமில்லை!

கல்லமேட்டு விலங்குக்கு 1987இல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டனர். ‘பேருடல் பல்லி’ என்று பொருள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, மாணவர்களைப் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

அந்த எலும்புகள் பின்னர் நொறுங்கிப்போயின. படங்களும் அளவுகளும் விவரிப்பும்தான் மிச்சம். அதனால் அதன் உண்மையான அளவு பற்றி இன்றும் விவாதம் நடக்கிறது. இதைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு குழு பலாக்கொட்டையையோ முந்திரிக்கொட்டையையோ பெயர் சொல்லாமல் விவரித்து எழுதும். அதைப் பார்க்காத குழு, எழுத்தை மட்டும் படித்து வரையும். முதல் முறை ‘பெரியது’, ‘வளைந்தது’ என்றே எழுதினார்கள், வரைந்தவர்கள் திணறினார்கள். இரண்டாம் முறை அளவுகோலைத் தாங்களே கேட்டு வாங்கினார்கள்.