காலிப் பெட்டியும் பறக்காத ராக்கெட்டும்

இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்

ஒரு கம்பெனி கிறிஸ்துமஸ் சமயத்தில் காலிப் பெட்டியைக் கடையில் அடுக்கி வைத்தது. ஜனங்களும் அதைக் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள் என்றால் நம்புவீர்களா? இதை வீட்டில் சொன்னபோது அம்மா, "ஏன்டா, காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அவர் கவலை அவருக்கு. ஆனால் ஒரு டை செய்ய எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்த நமக்கு இதன் காரணம் சட்டென்று புரிந்துவிடும்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் கென்னர் என்றொரு பொம்மைக் கம்பெனி இருந்தது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பாத்திரங்களைப் பொம்மையாகச் செய்ய லைசென்ஸ் வாங்கியது இந்தக் கம்பெனிதான். லைசென்ஸ் என்றதும் நமக்கு டிரைவிங் லைசென்ஸ்தான் ஞாபகம் வரும். இது வேறு. உருவத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர், மெஷினுக்குச் சொந்தக்காரர் இன்னொருவர். செய்து விற்கிறவர், உருவத்தின் சொந்தக்காரருக்கு விற்பனையில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ராயல்டி. படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கெட்டிக்காரர், இந்த உரிமையைப் படக் கம்பெனியிடம் விட்டுவிடாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த நாளில் பேர் போன மீகோ கம்பெனி இந்த லைசென்ஸை வேண்டாமென்று சொல்லிவிட்டது. கென்னர் எடுத்தது.

அப்போது பெரிய பொம்மை என்றால் 12 அங்குலம் உயரம். கென்னர் 3¾ அங்குலத்தில் செய்தது. ஏன் தெரியுமா? படத்தில் விண்கலங்கள் வருகின்றன. பொம்மையை அதற்குள் உட்கார வைக்க வேண்டுமே! சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12-ஐ 3¾-ஆல் வகுத்தால் 3.2. அதாவது விண்கலத்தின் நீளம், அகலம், உயரம் எல்லாம் 3.2 மடங்கு. கெட்டியான பொருள் என்றால் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட 33 மடங்கு வேண்டும். சுவரின் கனத்தைக் கூட்டாமல் உள்ளே காலியாகச் செய்தாலும் 10 மடங்கு ஆகிவிடும். அந்த விண்கலத்தை யார் வாங்குவது, எந்த வீட்டில் வைப்பது?

படம் 1977 மே 25-ல் வெளியாகிச் சக்கைப்போடு போட்டது. கிறிஸ்துமஸுக்கு ஏழு மாதம் இருக்கிறது. நமக்குத் தாராளமாகத் தெரியும், ஆனால் போதாது. முதலில் சிற்பி உருவத்தைச் செதுக்க வேண்டும். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஏ.பி.எஸ். என்றால் நூற்றுக்கு அரைப் பங்கு போல. 9.5 செ.மீ. பொம்மைக்கு அது அரை மி.மீ.தான், இருந்தாலும் அதைக் கூட்டித்தான் டை வெட்ட வேண்டும். தலை, உடம்பு, கை, கால் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குழி. பிளாஸ்டிக் உள்ளே போக வழி, காற்று வெளியேற வழி, தண்ணீர் ஓடிக் குளிர வழி, பொம்மையைத் தள்ளிவிட பின். அதன் பிறகு முதல் ஷாட் எடுத்துப் பார்த்தால் எங்காவது பிசிறு அடிக்கும்! மறுபடி திருத்து. அதோடு, உற்பத்தி நடந்தது ஹாங்காங்கில். கப்பலில் வர வேண்டும்.

ஆகவே கென்னர் பொம்மைக்குப் பதில் பொம்மைக்கான சீட்டை விற்றது. பெட்டிக்குள் அட்டையில் செய்த ஒரு ஸ்டாண்டு, ஸ்டிக்கர், கிளப் அட்டை, ஒரு சான்றிதழ். சான்றிதழை அனுப்பினால் 1978-ல் நாலு பொம்மை தபாலில் வரும். வந்தது. அந்த வருஷம் மட்டும் 4 கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். ஆர்டர் கையில் இருந்தும் டை இல்லாமல் ஒரு கம்பெனி திண்டாடியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி ராக்கெட் கதைக்கு வருகிறேன். 1979-ல் கென்னர் இன்னொரு ஆசை காட்டியது. நாலு பொம்மை வாங்கியதற்கு அத்தாட்சி அனுப்பினால் போபா ஃபெட் என்ற புதுப் பாத்திரம் இலவசம். முதுகில் ஸ்பிரிங் வைத்த ராக்கெட் பாயும். முதுகில் வெட்டிய ஸ்லாட்டில் லாக் ஆகும் அமைப்பு. முதலில் 'எல்' வடிவ ஸ்லாட். அதில் லேசாகப் பக்கவாட்டில் தட்டினாலே லாக் நழுவும். அதனால் முனையை மடக்கி 'ஜே' வடிவமாக்கினார்கள். இப்போது ஸ்பிரிங்கின் விசையே அதைக் கொக்கிக்குள் இழுத்துப் பிடிக்கும். அழகான திருத்தம்தானே?

ஆனால் தகராறு ஸ்லாட்டில் இல்லை, ராக்கெட்டில் இருந்தது. 1978 கடைசியில் மாட்டல் கம்பெனியின் வேறொரு விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த சின்ன ஏவுகணை, நாலு வயதுப் பையன் ஒருவனின் தொண்டைக்குள் போய் அவன் இறந்துபோனான். ஸ்லாட்டை என்ன வடிவத்தில் வெட்டினால் என்ன, கழன்று வரும் துண்டு கழன்று வரும் துண்டுதான். கென்னர் ராக்கெட்டை நிலையாக ஒட்டியே அனுப்பியது. விளம்பரத்தில் ராக்கெட் பாயும் என்று போட்டிருந்த இடத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தார்கள்.

1980 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் சிறு துண்டுகளுக்கு ஒரு விதி அமலுக்கு வந்தது. சோதனைக் கருவி, சாய்ந்த அடிப்பாகம் கொண்ட ஒரு உருளை; விட்டம் 31.7 மி.மீ. துண்டு அதற்குள் முழுசாக அடங்கினால் பொம்மை ரிஜெக்ட். நம்ம மெட்ராலஜி லேபில் இருக்கும் 'கோ, நோ-கோ' கேஜ் மாதிரியேதான், ஆனால் இங்கே உள்ளே போனால் ஃபெயில்! இந்த விதி 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பொம்மைக்குத்தான். அந்தப் பையனுக்கு நாலு வயது என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்கத் தோன்றவில்லை.

கடைக்கு வராமல் நின்றுபோன அந்த ராக்கெட் பாயும் மாதிரிகளில் சில, கம்பெனியிலிருந்து எப்படியோ வெளியே வந்து சேகரிப்பவர்கள் கைக்குப் போயின. அதில் வண்ணம் தீட்டிய ஒன்று 2024-ல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. நம்ம ரூபாயில் 4 கோடிக்கு மேல்! ஃபிட்டிங் ஷாப்பில் நான் ரிஜெக்ட் வாங்கிய ஜாப்களை எண்ணிப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன்.

ராக்கெட் ஒட்டிய பொம்மையோடு ஒரு கடிதமும் பிள்ளைகளுக்குத் தபாலில் போனது. பாதுகாப்புக்காக ராக்கெட்டை நிறுத்திவிட்டோம் என்று. என்னைக் கேட்டால், அந்த 4 கோடி பொம்மையைவிட அந்தக் கடிதத்தில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கத்தான் ஆசை.