ராஜகிரியின் உயரமும் பிழைக் கணக்கும்

செஞ்சிக்கோட்டையின் மூன்று குன்றுகளில் உயரமானது ராஜகிரி. அதன் உயரம் சுமார் 240 மீட்டர் என்பார்கள். உச்சியிலிருந்து நாடாவைத் தொங்கவிட்டு இதை அளக்க இயலாது. உச்சிக்கு நேர்கீழே உள்ள இடமோ பாறைக்குள் இருக்கிறது. ஆகவே சமவெளியில், குன்றை நோக்கிய ஒரே நேர்கோட்டில், ஒரே மட்டத்தில் இரண்டு இடங்களைக் குறிக்க வேண்டும். அவற்றின் இடைத்தூரத்தை நாடாவாலும், இரண்டிலிருந்தும் உச்சியின் ஏற்றக்கோணத்தைத் தியோடலைட்டாலும் அளந்தால், முக்கோணவியல் உயரத்தைத் தந்துவிடும். இதுவே மறைமுக அளவீடு. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய இந்திய முக்கோண அளவையும் இந்த வகைதான்.

அளந்த எண்ணில் உள்ள பிழை, கணக்கிட்ட விடைக்குள்ளும் புகுந்துவிடும். எவ்வளவு புகும் என்பதைக் கண்டுபிடிக்கவே பிழைமதிப்பீட்டு மென்பொருள்கள் இருக்கின்றன. பைத்தான் மொழிக்கான 'அன்சர்ட்டன்டீஸ்' தொகுப்பும், அமெரிக்க அளவியல் நிறுவனமான நிஸ்ட் இணையத்தில் இலவசமாக வழங்கும் 'அன்சர்ட்டன்டி மெஷின்' கருவியும் அவற்றில் இரண்டு. சூத்திரத்தையும், ஒவ்வோர் அளவையும், அதன் பிழையையும் கொடுத்தால் போதும்.

எடுத்துக்காட்டாக, இடைத்தூரம் 300 மீட்டர், பிழை அரை மீட்டர், கோணங்கள் 13.5, 19 பாகை, பிழை தலா 0.1 பாகை என்று வைத்துக்கொள்வோம். உயரம் 238 மீட்டர், பிழை ஏறத்தாழ 7 மீட்டர் என்று விடை வரும். ஒவ்வோர் அளவும் சற்றே மாறினால் உயரம் எவ்வளவு மாறும் என்பதை வகைநுண்கணிதத்தால் கண்டு, அந்த மாற்றங்களின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது ஒரு வழி. பிழை வரம்புக்கு ஏற்ப அளவுகளைத் தற்செயலாக மாற்றி மாற்றி, ஆயிரக்கணக்கான முறை கணக்கிட்டு, விடைகளின் பரவலைப் பார்ப்பது இன்னொரு வழி. இதற்கு மான்டே கார்லோ முறை என்று பெயர்.

விடையைவிடப் பயனுள்ளது, மொத்தப் பிழையில் எந்த அளவுக்கு எவ்வளவு பங்கு என்று காட்டும் பட்டியல். மேற்கண்ட கணக்கில் வர்க்கக் கூட்டுத்தொகையின் ஐந்தில் நான்கு பங்கு, தொலைவிலுள்ள இடத்தில் பார்த்த கோணத்திலிருந்தே வருகிறது. நாடாவின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. நல்ல நாடா வாங்கிப் பயனில்லை. இரு கோணங்களையும் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அளவுக்குத் துல்லியமாக எடுத்தால் பிழை 1.2 மீட்டராகக் குறைந்துவிடும்.

ஒரே கருவியின் மட்டம் தவறியிருந்தால் இரு கோணங்களும் ஒரே பக்கம் விலகும். அப்போது பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 0.1 பாகைப் பிழை முழுவதும் இப்படிப் பொதுவானதாக இருந்தால், உயரத்தின் பிழை 3 மீட்டர்தான். கையால் கணக்கிடுவோர் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது. பொதுப்பிழையைத் தனி எண்ணாகக் கொடுத்துவிட்டால், மென்பொருள் அதைக் கணக்கு முழுவதும் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அந்த 0.1 பாகை எங்கிருந்து வந்தது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. ஒரே கோணத்தைப் பலமுறை பார்த்து அதைக் கண்டறிய வேண்டியவர் தியோடலைட்டின் அருகே நிற்பவர்தான்.