தீவகத்து வீட்டை விற்கும் முன் எதற்குச் செலவழிக்கலாம்?

1990 இல் தீவகத்தையும் யாழ்ப்பாணத்தையும் விட்டு வெளியேறிய நமது குடும்பங்களில் பல இன்று புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் வேரூன்றிவிட்டன. நயினாதீவிலோ வேலணைப் பக்கத்திலோ கிடக்கும் பழைய வீட்டை விற்றுவிடுவோம் என்ற பேச்சு வரும்போது, "கொஞ்சம் திருத்தி, பெயின்ற் அடித்து, தரைக்கு டைல் பதித்தால் நல்ல விலைக்குப் போகுமே" என்று யாராவது ஒருவர் சொல்வது வழக்கம். கையிலிருக்கும் சேமிப்பை, சில வேளை கடன் பணத்தையும், அதில் இறக்குவதற்கு முன் கணக்குப் பார்ப்பது அவசியம்.

வீடு விற்பனை பெரும் தொழிலாக நடக்கும் அமெரிக்காவில், எந்தத் திருத்தத்துக்குச் செலவழித்த பணம் விற்பனையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஆண்டுதோறும் மதிப்பிடுகிறார்கள். 2024 இன் மதிப்பீட்டில் வாகனக் கொட்டகையின் கதவை மாற்றிய செலவு ஏறத்தாழ இரு மடங்காகத் திரும்பியது. ஆடம்பரமாகப் புதுப்பித்த சமையலறையிலோ 100 டொலருக்கு 40 டொலர்கூடத் திரும்பவில்லை. விற்பவரின் ரசனைக்குச் செய்த வேலைக்கு வாங்குபவர் பணம் தருவதில்லை என்பதே இதன் பொருள். தீவகத்துக்கும் இது பொருந்தும். ஆனால் இங்கே வாங்க வருபவர் முதலில் பார்ப்பது கதவையல்ல, கிணற்றை.

தீவகத்தின் நன்னீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும் மெல்லிய படலம். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. இதையே மறுபக்கமாகப் பாருங்கள். அதிகம் இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நீர் 40 அடி மேலே வந்துவிடும். ஆகவே "தண்ணீர் குறைவு, கிணற்றை ஆழமாக்குவோம்" என்பதும், பெரிய பம்ப் பூட்டுவதும் விற்பனைக்கு முன் செய்யக்கூடாத வேலைகள். நல்ல தண்ணீர்க் கிணற்றைச் சவர்க் கிணறாக்கினால் காணியின் விலையும் சேர்ந்தே இறங்கும்.

செய்ய வேண்டியது எளிய வேலைதான். சேற்றையும் விழுந்த கற்களையும் அள்ளிக் கிணற்றைச் சுத்தம் செய்யுங்கள். இடிந்த கட்டைக் கட்டுங்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் தூரமாக மாற்றுங்கள். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாகக் குழியின் அழுக்கு கிணற்றுக்கு வர அதிக நேரம் எடுக்காது. பிறகு உப்புத்தன்மை, நைத்திரேற்று, கிருமி ஆகிய மூன்றுக்கும் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கை பெறுங்கள். மாரி மழைக்குப் பின் ஜனவரியில் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். ஓகஸ்ட், செப்டெம்பர் வறட்சியில் எடுத்த அறிக்கைக்கே மதிப்பு அதிகம்.

அடுத்தது சுவர். பழைய தீவக வீடுகளில் பல, சுண்ணாம்புச் சாந்தும் கடற்கல்லும் கொண்டு கட்டியவை. அவற்றின் மேல் சீமெந்துப் பூச்சுப் பூசினால் உள்ளே உள்ள ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றி, ஓரிரு மாரிக்குள் பூச்சு பொருமி விழும். சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும் போதும், செலவும் குறைவு. கொங்கிறீற் வளைகளிலும் தூண்களிலும் வெடிப்பு ஓடியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை மேற்பூச்சால் மறைத்து விற்பது வியாபாரமல்ல, ஏமாற்று. கம்பியைத் துப்புரவாக்கித் திருத்துங்கள், முடியாவிட்டால் குறையைச் சொல்லி விலையைக் குறையுங்கள். கூரையில் உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றி, கறையான் பிடித்த சிலாகைகளை எடுத்துவிட்டால் போதும். பனை மரம் நல்ல வைரமாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். ஓட்டைக் கழற்றித் தகரம் போட்டால் உப்புக் காற்று அதைச் சீக்கிரமே தின்றுவிடும்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு வரை லொறி போகும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஒவ்வொரு சீமெந்துப் பையும் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறக்கி, படகில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் இறக்கப்பட வேண்டும். 2022 நெருக்கடியில் 50 கிலோ பை 3,000 ரூபாவைத் தாண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் மேல் படகுக் கூலியும் ஏற்றுகூலியும், கடல் கொந்தளிக்கும் நாட்களில் சும்மா இருக்கும் மேசனின் சம்பளமும் சேரும். யாழ்ப்பாண நகரில் கட்டுப்படியாகும் டைல் வேலை நெடுந்தீவில் நட்டமாக முடிவதற்கு இதுவே காரணம். வாங்குபவர் பெரும்பாலும் ஊரவராகவோ, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவராகவோ இருப்பார். அவர் தன் விருப்பப்படியே கட்டிக்கொள்வார். பற்றையை வெட்டி, எல்லையைக் காட்டி, படலையைச் சரி செய்து வைத்தால் அவருக்கு அது போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீடு யாருடையது என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உறுதி வாப்பாவின் பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால், 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் உரித்துக் கட்டளைச் சட்டப்படி மகன்கள், மகள்கள், உம்மா என்று அனைவருக்கும் பங்குண்டு. ஒரு மகன் தன் கைப்பணத்தில் ஐந்து இலட்சம் செலவழித்துத் திருத்திவிட்டு, விற்ற பிறகு "முதலில் என் செலவைத் தாருங்கள்" என்று கேட்டால் குடும்பம் பிரியும். செலவை யார் போடுகிறார், எப்படிக் கழிப்பது என்பதை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடுங்கள். வடக்கில் பங்காளிகளுக்குத் தேசவழமைப்படி முன்வாங்கும் உரிமை எழக்கூடும் என்பதால் உள்ளூர் நொத்தாரிசு ஒருவரிடம் கேட்டு நடப்பதே பாதுகாப்பு. எல்லைக் கற்கள் காணாமற் போயிருந்தால் நில அளவையாளரைக் கொண்டு புதிய வரைபடம் எடுங்கள். அதற்குக் கொடுக்கும் பணம் எந்தப் பெயின்ற்றைவிடவும் விலையை உயர்த்தும்.

கடைசியாக வரி. 2018 ஏப்ரல் முதல் காணி, வீடு விற்ற இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. தனிநபருக்கு 10 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரலில் 15 ஆக உயர்ந்தது. தான் வசித்த வீட்டை விற்பவருக்கு விலக்கு இருந்தாலும், அதற்கு விற்பதற்கு முந்திய மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகளாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். புத்தளத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. 2017 செப்டெம்பர் 30 க்கு முன்பே உங்களுடையதாக இருந்த ஆதனத்துக்கு அன்றைய சந்தை மதிப்பே அடிப்படை விலை என்பதால், மதிப்பீட்டாளரிடம் அந்தத் திகதிக்கான அறிக்கை பெறுங்கள். இப்போது செய்யும் திருத்தச் செலவும் அந்த விலையுடன் சேரும், ஆனால் ஆதாரம் வேண்டும். கடைப் பற்றுச்சீட்டு மட்டுமல்ல, மேசன் கூலிக்கும் படகுக் கூலிக்கும்கூடக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.