யூத ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் முஸ்லிம்கள்... கொல்கத்தாவில் இது எப்படி?

கொல்கத்தாவின் மேகன் டேவிட் யூத ஜெப ஆலயம் 1884-ல் கட்டியது. பெத் எல் ஆலயம் இன்னும் பழசு, 1856. இரண்டையும் திறந்து, பெருக்கி, பராமரிப்பவர்கள் முஸ்லிம்கள். சிலருக்கு இது அப்பா, தாத்தா பார்த்த வேலை.

எப்படி வந்தது இந்த நெருக்கம்? அடுப்படியில் இருக்கு பதில். பாக்தாத், அலெப்போ பக்கமிருந்து வந்த யூதர்கள் வீட்டில் பேசியது அரபி. பன்றி இறைச்சி இரு தரப்புக்குமே ஆகாது. அதனால் சமையலுக்கு முஸ்லிம்களை வைத்துக்கொண்டார்கள். இறைச்சியோடு பால், வெண்ணெய் சேர்க்கக் கூடாது என்ற யூத விதியையும் அந்தச் சமையல்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்த வீடுகளின் பிரபல பதார்த்தம் 'ஆலு மக்கல்லா', முழுசா பொரித்த உருளைக்கிழங்கு. ஆலு இந்தி, மக்கல்லா, 'பொரித்தது' எனும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. பெயரிலேயே ஊர் தெரியுது!

பாலஸ்தீன விவகாரத்தில் கருத்து வேறுபடலாம். ஆனால் இங்கே சிக்கல் பகை இல்ல, ஆள் பற்றாக்குறை. 1940-களில் ஆயிரக்கணக்கில் இருந்த யூதர்கள், அதன்பின் இஸ்ரேல், பிரிட்டன் என்று கிளம்ப, இப்போ மிஞ்சியிருப்பது ரொம்பக் கொஞ்சம் பேர். கூட்டு வழிபாட்டுக்கு மரபுப்படி 10 ஆண்கள் வேண்டும். உள்ளூரில் அத்தனை பேர் தேறுவதில்லை. 1881-ல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி மட்டும் தொடர்ந்து நடக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள்.