குமரி முதல் காஷ்மீர் வரை: அடுப்படியில் போட்ட கணக்கு

கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகர் வரை சைக்கிளில் போவது என்று நானும் என் நாத்தனாரும் முடிவெடுத்து ஆறு மாதம் ஆகிறது. வருகிற பிப்ரவரி முதல் தேதி கிளம்புகிறோம். "ரெண்டு பொம்பளைங்க, அதுவும் சைக்கிள்லயா?" என்று கேட்காத ஆளில்லை. ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டதால், திட்டம் போட்ட விதத்தை இங்கே எழுதுகிறேன். சகோதரிகளே, நீங்கள் காஷ்மீர் போகாவிட்டாலும் பக்கத்து மாவட்டத்துக்குப் போகவாவது உதவும்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. ஊரை ஒட்டிப் போகிற நாலுவழிச் சாலையை இன்னும் பலர் 'ஏழாம் நம்பர் ரோடு' என்றுதான் சொல்கிறோம். 2010-ல் நெடுஞ்சாலை எண்களையெல்லாம் மாற்றியபோது, பழைய ஏழு வேறு பல சாலைகளோடு சேர்ந்து தேசிய நெடுஞ்சாலை 44 ஆகிவிட்டது. நம் நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை இதுதான். ஸ்ரீநகரில் ஆரம்பித்து ஜம்மு, லூதியானா, பானிபட், டில்லி, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், பெங்களூர், சேலம், மதுரை என்று வந்து குமரியில் முடிகிறது. சுமார் 3,700 கிலோமீட்டர். காய்கறி வாங்கப் போகும்போது தினமும் நான் கடக்கிற ரோடு அப்படியே காஷ்மீர் வரைக்கும் போகிறது என்று நாத்தனார் மேப்பில் காட்டியபோதுதான் ஆசையே வந்தது.

முதல் கேள்வி, எந்த மாதம்? இதற்கே எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. ஜூனில் இருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் பக்கம் மழை. டிசம்பர், ஜனவரியில் பஞ்சாப், டில்லிப் பக்கம் எதிரே வருகிற லாரி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். காஷ்மீரில் டிசம்பர் 21-ல் இருந்து நாற்பது நாள் கடுங்குளிர், அதற்கு 'சில்லை கலான்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதம் நாக்பூரில் வெயில் ஆளைச் சுருட்டிவிடும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பிப்ரவரி, மார்ச்தான். தெற்கே இருந்து கிளம்பினால் வெயில் ஏற ஏற நாமும் வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கலாம்.

ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர் வீதம் 53 நாள். ஐந்து நாளைக்கு ஒரு நாள் ஓய்வு, மலையில் கொஞ்சம் தாமதம் என்று 65 நாள் வைத்திருக்கிறோம். மார்ச் முதல் வாரம் நாக்பூர், 20 தேதிவாக்கில் டில்லி, ஏப்ரல் முதல் வாரம் ஸ்ரீநகர். அப்போது அங்கே துலிப் பூந்தோட்டம் திறந்திருக்கும் என்பது உபரி லாபம். நடுவில் ஹோலி வரும். அன்றைக்கு வடநாட்டு ரோட்டில் இறங்காமல் ரூமிலேயே இருப்பது என்று முதல் நாளே எழுதி வைத்துவிட்டோம்.

ஓய்வு நாளை எப்போது வைப்பது என்பதில் ஆண்கள் போடும் திட்டத்தில் இல்லாத ஒரு விஷயம் உண்டு. எங்கள் இருவருக்கும் மாதவிலக்கு தேதி நாலு நாள் வித்தியாசம். அவரவர் முதல் இரண்டு நாளைக்கு 70-ஐ 40 ஆகக் குறைத்து, தங்குமிடம் ஒழுங்காக உள்ள பெரிய ஊராகப் பார்த்துக் குறித்திருக்கிறோம். இதை நாட்காட்டியில் எழுதும்போது எங்க வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அன்றுதான் அவருக்கு இதெல்லாம் ஒரு கணக்கு என்று தெரிந்தது.

பெரிய சிக்கல் வேறு. மார்ச், ஏப்ரல் என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மகள் எட்டாவது, மகன் ஐந்தாவது. "பரீட்சை நேரத்துல தாய்க்காரி ஊர் சுத்தப் போறாளாம்" என்று தெருவில் பேச்சு. அத்தையும் (மாமியார்) முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. மேப்பில் ஆக்ராவுக்கும் குவாலியருக்கும் நடுவில் சம்பல் ஆறு என்று படித்ததும், "ஏட்டி, பூலான்தேவி ஊருல்லா அது!" என்று பதறிவிட்டார். பூலான்தேவி சரணடைந்தது 1983-ல், இறந்தே இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லியும் சமாதானம் ஆகவில்லை.

எங்க அம்மா வந்துதான் காரியம் நடந்தது. அம்மாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தார்களே, அதில் கற்றவர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே ஓட்டி, அந்த பாரில் என்னை உட்கார வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போவாராம். "அன்னைக்கு எங்களையும்தான் சிரிச்சாங்க சம்பந்தி. இப்ப அவங்க பேத்தியெல்லாம் கவர்மென்ட் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போகுது" என்றார் அம்மா. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "ரெண்டு மாசம் சாப்பாட்டை நான் பாத்துக்கிடுதேன், பாத்திரம் மட்டும் உன் புருஷன் கழுவட்டும்" என்றார். கழுவுகிறார்! இப்போதே பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

சைக்கிள் விஷயம். என் பழைய கியர் இல்லாத சைக்கிளில் சமதளத்தில் போகலாம், கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூர் ஏற்றம் ஏற முடியாது. அதனால் 21 கியர் உள்ளதாக இரண்டு வாங்கினோம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. முன்னால் சின்னதும் பின்னால் பெரியதுமாக மாட்டினால், வேகம் குறைந்தாலும் மிதிப்பது லேசாக இருக்கும். 26 இன்ச் டயர்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவர் எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணாச்சி. அந்த அளவு டியூப் சின்ன ஊரிலும் கிடைக்குமாம். பஞ்சர் ஒட்டுவது, செயின் கழற்றி மாட்டுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் நாலு ஞாயிற்றுக்கிழமை கற்றுத் தந்தார். பாரம் ஏற்றினால் பின்சக்கரத்தில்தான் கம்பி ஒடியும் என்பதால் உபரிக் கம்பிகள் நாலு சட்டத்தில் கட்டி வைத்திருக்கிறோம்.

பாரம் ஒருத்திக்குப் பத்து கிலோவுக்கு மேல் கூடாது. முதுகில் பை மாட்டவே கூடாது, வேர்த்து இடுப்பு போய்விடும். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற பைதான் சரி. இரண்டு சுடிதார், ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, முன்னும் பின்னும் விளக்கு, பளபளக்கும் பட்டை வைத்த மேல்சட்டை. தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெய். சத்துமாவு, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட். கடலை மிட்டாய் கேட்கவா வேண்டும், எங்கள் ஊராச்சே! 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

பாதுகாப்புக்கு எங்கள் விதிகள் கறாரானவை. விடிந்த பிறகு கிளம்பி மாலை நாலு மணிக்குள் ரூமில் இருக்க வேண்டும். சர்வீஸ் ரோடு இருக்கும் இடத்தில் மெயின் ரோடு வேண்டாம். தொப்பூர் கணவாயில் சேலத்தில் இருந்து போகிற எங்களுக்கு ஏற்றம்தான், ஆனாலும் விபத்து அதிகமான இடம் என்பதால் அதிகாலையில் தள்ளிக்கொண்டே நடப்பதாக இருக்கிறோம். நாக்பூர் தாண்டி பெஞ்ச் புலிகள் காட்டில் புலி கீழே நடந்து போவதற்காகவே ரோட்டை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், ஒரு பாலம் 750 மீட்டர் நீளம். புலிக்கே வழி விட்டிருக்கும்போது நமக்கு விடமாட்டார்களா என்கிறாள் நாத்தனார். பஞ்சாபில் குருத்வாராக்களில் சாப்பாடு இலவசம், பல இடங்களில் தங்கவும் விடுவார்கள். ஹிந்திக்கு அவள் இருக்கிறாள், பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை பாஸ். 112 அவசரத்துக்கு, 181 பெண்களுக்கு, 1033 நெடுஞ்சாலை உதவிக்கு. மூன்றையும் ஹேண்டில்பாரில் ஒட்டியாகிவிட்டது. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்பதால் ஆளுக்கொரு போஸ்ட்பெய்டு வாங்கினோம்.

செலவு, இருவருக்கும் சேர்த்து ரூமுக்கு 800, சாப்பாட்டுக்கு 500, மற்றதுக்கு 200. ஒரு நாளைக்கு 1,500 வீதம் 65 நாளைக்கு 97,500 ரூபாய். என் சீட்டுப் பணம் ஐம்பதாயிரம், மீதி நாத்தனாரின் சேமிப்பு. நகையைத் தொடவில்லை.

கடைசி 270 கிலோமீட்டர், ஜம்மு முதல் ஸ்ரீநகர் வரைதான் இன்னும் முடிவாகவில்லை. ராம்பன் பக்கம் மழை பெய்தால் மலை சரியும். செனானி–நஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்கு மேல், பனிஹால் சுரங்கம் எட்டரை. உள்ளே சைக்கிள் மிதிக்க எங்களுக்கு மனமில்லை, அந்த இரண்டையும் வண்டியில் ஏற்றித்தான் கடப்போம். இதையெல்லாம்விட, 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அதை டி.வி.யில் பார்த்ததில் இருந்து எங்க வீட்டுக்காரருக்கு ஜம்முவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி ஆசை. நாத்தனார் சம்மதிக்கவில்லை. "மதினி, அங்கயும் பொம்பளைங்க கடைக்குப் போயிட்டுத்தானே இருக்காங்க" என்கிறாள். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. ஜம்முவில் இரண்டு நாள் தங்கி, போலீஸிலும் லாரிக்காரர்களிடமும் விசாரித்து, மூவரும் போனில் பேசி முடிவு செய்வது என்று ஒப்பந்தம். ஒருத்தர் வேண்டாம் என்றாலும் திரும்பிவிடுவோம். 2025 ஜூனில் இருந்து ஸ்ரீநகர்–கட்ரா ரயில் ஓடுகிறது. கட்ராவில் இருந்து வாரம் ஒரு முறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய மூன்று நாள். சைக்கிளை ஜம்முவில் பார்சலில் போட்டுவிடலாம்.

முதல் நாள் நாங்குநேரி, இரண்டாம் நாள் ராத்திரி எங்கள் வீட்டிலேயே சாப்பாடு. மூன்றாம் நாள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு சாத்தூர் பக்கம் திரும்புவதுதான் ஓசூர் ஏற்றத்தைவிடக் கஷ்டம் என்று நினைக்கிறேன். மகளோ, "நீ இல்லாட்டிதாம்மா நிம்மதியா படிப்பேன்" என்கிறாள். ராத்திரி மட்டும் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறாள்.

ஆதிலாபாத்துக்கும் நாக்பூருக்கும் நடுவில் பெண்கள் தைரியமாகத் தங்கக்கூடிய இடம் மட்டும் எங்களுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் வசிக்கும் தமிழ் வாசகியர் யாராவது இருந்தால் ஜனவரி பொங்கலுக்குள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.