புதிய காரில் ஒரு சிறு ஓசை

புதிய செடான் கார் வாங்கியவருக்குப் பெரும் பழுதைவிடச் சிறு கோளாறே அதிகத் தொல்லை தரும். கதவோரம் கடகடவென்று கேட்ட ஓசை, பழுதுபார்ப்பு நிலையத்தை அடைந்ததும் மறைந்துவிடும். “ஒன்றும் இல்லையே!” என்பார் ஊழியர். எல்லா ஓசையும் பழுதாகிவிடாது என்பதும் உண்மைதான். மழை பெய்த மறுநாள் காலையில் பிரேக் கீச்சிட்டால், அதன் வட்டில் படிந்த மெல்லிய துரு காரணமாக இருக்கலாம். சில முறை பிரேக்கை அழுத்தியதும் அது தேய்ந்துவிடும். நாள்தோறும் தொடரும் ஓசையைத்தான் விட்டுவிடக்கூடாது.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள ‘லெமன் சட்டம்’ கார்களுக்கும் பொருந்தும். கார் கைக்கு வந்த 6 மாதங்களுக்குள் தெரியவரும் குறை, பொதுவாக, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் விற்றவர். அதன்பின் அந்தப் பொறுப்பு வாங்கியவரைச் சேரும். ஆகவே, வாய்மொழியாகச் சொல்வது போதாது. ஓசை எப்போது, எந்த வேகத்தில், எங்கிருந்து வருகிறது என்பதைப் பணித்தாளில் எழுதச் சொல்லி நகலை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று சோதனையில் எதுவும் தென்படாவிட்டாலும் தேதி பதிவாகிவிடும். எட்டாம் மாதத்தில் ஓசை மீண்டும் கேட்டால், அது ஐந்தாம் மாதத்திலேயே தெரிவிக்கப்பட்டது என்பதற்கு அந்தத் தாளே சான்று.