ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் சின்ன பிரீசரும்

பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். காலை வண்டியில் திருவனந்தபுரம் போனால் திரும்பும்போது இருட்டிவிடுகிறது. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயதான தாயாரும் காத்திருப்பார்கள். சமைக்கத் தெம்பில்லாத இரவுகளில் பரோட்டாப் பார்சல் வந்துவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் அப்படி வந்தால் மாதக் கடைசியில் மளிகைக் கடனாக வந்து நிற்கும்.

சென்ற மாதம் சங்கக் கூட்டத்தில் ஒரு சகோதரி, "ஒரே நாளில் ஒரு வாரத்துக்குச் சமைத்து பிரீசரில் வைக்கலாமா சார், கெட்டுப் போகாதா?" என்று கேட்டார். வைக்கலாம். ஆனால் எதை வைப்பது, எப்படி வைப்பது என்று தெரிந்துகொண்டு வைக்க வேண்டும். நான் டிப்ளமோ படித்து ரெயில்வேயில் வேலை பார்த்தவன், சமையல் நிபுணன் அல்லன். எங்கள் வீட்டில் மனைவி சமைப்பார், நான் காய் நறுக்கிக் கொடுத்து வெப்பக் கணக்குப் பார்ப்பேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன்.

மொத்தமாகச் சமைத்து வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. மரச்சீனியைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு விழுந்து கெட்டுவிடும். அதனால் நறுக்கி, அரைவேக்காடாக வேக வைத்து, வெயிலில் உலர்த்தி மழைக்காலத்துக்கு வைத்துக் கொண்டார்கள். அதுதான் வாட்டுக்கப்பை. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் மரச்சீனிப் பயிரைப் பரப்பியவர். ஏழை வீட்டுக்கு அது சோறாயிற்று. வெயில் நீரை எடுத்துவிடுகிறது, பிரீசர் நீரை உறைய வைத்துவிடுகிறது. இரண்டிலும் கிருமிக்கு நீர் கிடைப்பதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: குளிரில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, உறங்குகின்றன. வெளியே எடுத்ததும் எழுந்துகொள்ளும்.

நம்மில் பலரிடம் இருப்பது ஒற்றைக் கதவு பிரிட்ஜ். அதன் பிரீசர் ஒரு சின்னப் பெட்டிதான். பெரிய பானைக் குழம்பை அதில் திணிக்க முடியாது. ஆகவே முழுச் சாப்பாட்டை வைக்காமல், நேரமும் எரிவாயுவும் அதிகம் பிடிக்கும் பகுதியை மட்டும் வைப்பதே சரி.

முதலாவது, வேகவைத்த பருப்பு. 5 லிட்டர் குக்கரில் அரைக் கிலோ துவரம்பருப்பை ஒரே தடவையில் வேக வைக்கலாம். பருப்பு நுரைத்துப் பொங்கும், அதனால் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆறு பங்காக்கினால் ஆறு நாள் சாம்பாருக்கு அடித்தளம் ஆயிற்று. புளித்தண்ணீரும் காயும் அன்றன்று சேர்த்தால் போதும். கொண்டைக்கடலை, தட்டப்பயறு ஆகியவையும் ஊறவைத்து வேகவைத்தால் நன்றாகத் தாங்கும்.

இரண்டாவது, தீயலுக்கு வறுத்தரைத்த தேங்காய் மசாலா. பொன்னிறம் தாண்டி வறுக்க ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். வேலைநாள் இரவில் யாரால் முடியும்? நான்கு தேங்காயை ஞாயிறன்று வறுத்து அரைத்துச் சிறு வில்லைகளாக உறைய வைத்துவிட்டால் உள்ளித் தீயல் அரை மணிக்குள் தயார். துருவிய தேங்காயும் நன்றாக இருக்கும். தேங்காய் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிக் கொள்ளலாமே.

வைக்கக் கூடாதவையும் உண்டு. உருளைக்கிழங்கு மணல்போல் ஆகிவிடும். வெள்ளரியும் தடியங்காயும் நீர்விட்டுத் தொய்ந்துவிடும், ஆகவே அவியல் வேண்டாம். மோர் சேர்ந்த புளிசேரி திரிந்து போகும். சோற்றையும் காலையில் வடிப்பதே நல்லது. வடித்த சோறு வெளியில் பல மணி நேரம் கிடந்தால் அதில் ஒருவகைக் கிருமி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் எடுக்க வேண்டுமோ, ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை அந்த 0 டிகிரித் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கவும் எடுக்க வேண்டும். சூடாக உள்ளே வைத்தால் இயந்திரத்துக்கு இரட்டை வேலை, மின்சாரமும் வீண், பக்கத்தில் இருக்கும் பாலுக்கும் சூடு ஏறும். அதற்காக இரவு முழுவதும் அடுப்புமேடையில் ஆறவிடவும் கூடாது. 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி பெருகும். வழி இருக்கிறது. பாத்திரத்தைக் கிணற்றுத் தண்ணீர் நிறைந்த அகன்ற பேசினில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள், தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். அரைமணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

அடுத்தது கனம். ஒரு அங்குலக் கனத்தில் உறைவதைவிட இரண்டு அங்குலக் கனம் உறைய இரண்டு மடங்குக்கும் மேல், நான்கு மடங்கு வரை நேரம் பிடிக்கும். எனவே உயரமான டப்பா வேண்டாம். தட்டையான டப்பாக்களில் ஒரு அங்குல உயரத்துக்கு ஊற்றுங்கள். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், ஆகவே மேலே விரல் அகலம் இடம் விடுங்கள். கண்ணாடிப் பாத்திரம் ஆகாது. ஒரே இரவில் ஒன்று ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள். மீதியைக் கீழ்த்தட்டில் வைத்திருந்து மறுநாள் ஏற்றுங்கள். கால் அங்குலத்துக்குப் பனி படிந்தால் இயந்திரத்தை நிறுத்தி உருக விடுங்கள், கத்தியால் சுரண்டினால் குளிர்க்குழாய் ஓட்டையாகிவிடும். டப்பாவில் தேதி எழுதி ஒட்டுங்கள். நம்முடைய சின்ன பிரீசரில் இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் நம்பி வைக்க வேண்டாம்.

மீனைப் பற்றியும் கேட்டார்கள். சாளை, அயிலை, சூரை மூன்றும் வாங்கிய பிறகு சூட்டில் கிடந்தால் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பொருள் அதில் சேரும். அதை உறைய வைத்தும் போக்க முடியாது, வேக வைத்தும் போக்க முடியாது. களியக்காவிளைச் சந்தையில் வாங்கினால் நேரே வீட்டுக்கு வந்து கழுவி வைத்துவிடுங்கள். வழியில் உறவினர் வீட்டுக் காப்பியெல்லாம் பிறகு ஆகட்டும். சாளையில் எண்ணெய்ச் சத்து அதிகம், பத்துப் பன்னிரண்டு நாளில் காறல் வாடை தட்டும்.

மின்சாரம் போனால் என்ன செய்வது? 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்ததை எல்லைக்கு இப்புறம் இருந்த நாமும் அறிவோம். கதவைத் திறக்காமல் இருந்தால் பிரிட்ஜின் கீழ்த்தட்டு சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த பிரீசர் அதைவிட நெடுநேரம் தாங்கும். ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கையில் நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது டப்பாக்களைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

எடுக்கும் முறை எளிது. நாளைக்கு வேண்டிய பருப்பை இன்றிரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காலையில் நன்றாகக் கொதிக்க வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். மரச்சீனிக்கு மட்டும் வேறு முறை. தோலுரித்து நறுக்கி உறைய வைத்த துண்டுகளை உருக விடாமல் அப்படியே நிறையக் கொதிநீரில் போட்டு, வெந்ததும் அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் கடைகளில் விற்கும் உறைந்த கப்பைப் பொட்டலத்தையும் இப்படித்தான் சமைக்கிறார்கள்.